புத்தகம் எடுத்துக் குடுக்க எதுக்கு ரெண்டு வருஷம் படிப்பு?

பத்திரிகை ஆபீஸ்ல இருந்து போன் பண்ணி "சார், லைப்ரரி வேலை பத்தி வாசகர்களைக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம்ல, ஒரு பை நிறைய வந்திருக்கு"ன்னாங்க. நான் நம்பல. காலேஜ், யுனிவர்சிட்டின்னு 31 வருஷம் லைப்ரரியில உக்காந்திருந்தப்ப என்கிட்ட வந்த கேள்வி பெரும்பாலும் ரெண்டுதான், "ஃபேன் சுவிட்ச் எது சார்", "ஜெராக்ஸ் எங்க சார்". பையைப் பிரிச்சுப் பாத்தா நிஜமாவே லெட்டர். ஆறு எடுத்திருக்கேன்.

பி.எஸ்சி. மேத்ஸ் முடிச்சிருக்கேன். லைப்ரரி சயின்ஸ் படிக்கப் போறேன்னு சொன்னதும் எங்க அத்தை "புத்தகம் எடுத்துக் குடுக்க எதுக்குடி ரெண்டு வருஷம் படிப்பு"ன்னு கேட்டாங்க. எனக்கு பதில் சொல்லத் தெரியல. சேரலாமா சார்?
- வாசகி, சிவகாசி

அத்தை மேல கோவப்படாதம்மா, கிட்டத்தட்ட இதே சந்தேகம் உன்னை மாதிரி ஒரு மேத்ஸ் ஆளுக்கே வந்திருக்கு. சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன், பிரசிடென்சி காலேஜ்ல கணக்கு வாத்தியாரா இருந்தவர், 1924 ஜனவரியில மெட்ராஸ் யுனிவர்சிட்டியோட முதல் லைப்ரரியனா போய் உக்காந்தார். போன கொஞ்ச நாள்லயே வெறுத்துப் போச்சு, கிளாஸ்ல பசங்களோட பேசிட்டு இருந்த மனுஷனுக்கு அந்த அமைதி ஒத்துக்கல, திரும்ப பழைய வேலையே குடுங்கன்னு காலேஜ்ல போய் நின்னார். லண்டன் போய் படிச்சுட்டு வாங்க, அப்பவும் பிடிக்கலேன்னா பாக்கலாம்னு சொல்லி அனுப்பி வச்சாங்க. அங்க ஒவ்வொரு லைப்ரரியா ஏறி இறங்கிப் பாத்துட்டு வந்தவர் 1944 வரைக்கும், மொத்தம் 20 வருஷம், அந்த நாற்காலியை விடல. 1931-ல லைப்ரரிக்கான ஐந்து விதிகள், 1933-ல புத்தகங்களைப் பிரிச்சு அடுக்குற கோலன் கிளாசிஃபிகேஷன் முறை. அவர் பொறந்த நாள்னு ஆகஸ்ட் 12-ஐத்தான் நாங்க லைப்ரரியன்ஸ் டேன்னு கொண்டாடுறோம்.

சரி, அத்தைக்கு பதில். எம்.இ. பையன் ஒருத்தன் ஒரு நாள் கவுண்டர்ல வந்து "சார், தண்ணி பத்தி ஒரு புக்"ன்னான். ரேக்ல புக்கை அடுக்குற டூயி நம்பர்படி பாத்தா, தண்ணின்னா நிலத்தடி நீரா அது 551-ல இருக்கு, பாசனம், நீர் வளம்னா 333, குடிநீர் சுத்திகரிப்புன்னா 628, மூணும் மூணு மூலையில நிக்குது. எந்த ஊர்ப்பா, எதுக்குப்பான்னு நாலு வார்த்தை பேசினதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சது அவன் திருப்பூர்க்காரன், அவனுக்கு வேண்டியது சாயப்பட்டறைக் கழிவுநீர்ல இருந்து கலர் எடுக்குறது எப்படின்னு. அதுக்கு புக்கே பத்தாது, ஜர்னல் பேப்பர் வேணும், ஆனா அவனுக்கு அப்படி ஒண்ணு கேக்கணும்னே தெரியாது. கேக்கத் தெரியாதவனுக்கு என்ன வேணும்னு கண்டுபிடிக்கத்தான் ரெண்டு வருஷம். புத்தகத்தை எடுத்துக் குடுக்குறது கடைசி அரை நிமிஷ வேலை.

படிப்புன்னு பாத்தா எந்த டிகிரி முடிச்சிருந்தாலும் பி.லிப். ஒரு வருஷம், அப்புறம் எம்.லிப். ஒரு வருஷம், சில இடத்துல ரெண்டையும் சேத்து ரெண்டு வருஷ கோர்ஸாவே வச்சிருக்காங்க. மெட்ராஸ் யுனிவர்சிட்டி, அண்ணாமலை, காரைக்குடி அழகப்பா, திருச்சி பாரதிதாசன் இதெல்லாம் பழகின இடம். நல்லா படிக்கிற பொண்ணுன்னா பெங்களூர்ல ரங்கநாதன் 1962-ல ஆரம்பிச்ச டி.ஆர்.டி.சி.ங்கிற லைப்ரரி சயின்ஸ் ட்ரெயினிங் சென்டருக்கு எழுதிப் பாரு, என்ட்ரன்ஸ் கஷ்டம்தான், ஆனா மேத்ஸ் படிச்சவங்களுக்கு அது பிடிச்ச இடமா இருக்கும். எம்.லிப்.ல 55 பர்சென்டுக்கு கீழ போயிடாதே, ஏன்னா யுனிவர்சிட்டி அசிஸ்டென்ட் லைப்ரரியன், காலேஜ் லைப்ரரியன் வேலைக்கு யு.ஜி.சி. முக்கியமா கேக்குறது அந்த 55-ம் நெட்ங்கிற தகுதித் தேர்வு பாஸும்தான். கிடைச்சா லெவல் 10, பேசிக் மட்டும் 57,700, அசிஸ்டென்ட் ப்ரொஃபசருக்கு என்ன ஸ்கேலோ அதேதான், இதை அத்தைகிட்ட மறக்காம சொல்லு. ஆனா போஸ்டிங் அறிவிப்பு எப்பவாவதுதான் வரும், ஒரு காலேஜுக்கு ஒரே ஒரு லைப்ரரியன்தானே, அவர் ரிட்டயர் ஆனாத்தான் அந்த இடம். அதனால கேந்திரிய வித்யாலயா, டி.என்.பி.எஸ்.சி. நூலகத் தேர்வு, சென்ட்ரல் யுனிவர்சிட்டிகள்ல வர்ற ப்ரொஃபஷனல் அசிஸ்டென்ட் போஸ்ட், எல்லாத்துக்கும் எழுதிட்டே இரு. அசிஸ்டென்ட் போஸ்ட்டைக் குறைச்சலா நினைக்காதே, பெரிய லைப்ரரியில அந்த சீட்டுலதான் வேலையே கத்துக்க முடியும்.

ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல 9 வருஷமா லைப்ரரியன். எம்.லிப். மட்டும்தான். அட்மிஷன் நேரத்துல ஸ்கூல் ஸ்கூலா அனுப்புறாங்க, பஸ் டூட்டி போடுறாங்க, இன்க்ரிமென்ட்னா நான்-டீச்சிங்னு ஒதுக்கிடுறாங்க. காலேஜுக்கு கிரேடு போட நாக் டீம் வரும்போது மட்டும் "நம்ம லைப்ரரியன் சார்". வெளிய வந்துடலாமா?
- பெயர், ஊர் வேண்டாம்

வேண்டாம்னு சொன்னாலும் ஊர் எனக்குத் தெரியும் சார், எல்லா ஊரும்தான். நான் முதல்ல வேலை பாத்த ஒரு காலேஜ்ல ரெஃபரன்ஸ் செக்‌ஷன் டேபிளை எல்லாம் இழுத்துப் போட்டு கரெஸ்பான்டென்ட் வீட்டுக் கல்யாணத்துக்கு தேங்காய்ப் பை போட்டாங்க, நானும் ஒரு ஓரமா நின்னு வெத்தலை எண்ணினேன். கோவத்துல அடுத்த மாசமே பேப்பர் போடலாம்னு இருந்தேன், கையில வேற ஆர்டர் இல்லாததால போடல. நீங்களும் ஆர்டர் இல்லாம போடாதீங்க.

9 வருஷம் லைப்ரரியில இருந்துட்டு நெட் இல்லேன்னா வெளிய உங்க எக்ஸ்பீரியன்ஸுக்கு பாதி விலைதான். நெட்ல முதல் பேப்பர் 50 கேள்வி, ரெண்டாவது 100 கேள்வி, நெகட்டிவ் மார்க் கிடையாது, வருஷத்துக்கு ரெண்டு தடவை வரும். முதல் பேப்பர்லதான் நம்ம ஆளுங்க கவுந்துடுறாங்க, அது பொது அறிவு, லாஜிக், ரிசர்ச் முறைன்னு எல்லாத் துறைக்கும் பொதுவான பேப்பர், லைப்ரரி சயின்ஸை மட்டும் கரைச்சுக் குடிச்சுட்டுப் போனா பத்தாது. பஸ் டூட்டி போடுறாங்கன்னு சொன்னீங்கல்ல, அந்தப் பஸ்ஸுல போக வர இருக்கிற நேரம் உங்களுதுதான்.

இன்னொண்ணு, உங்க காலேஜ்ல கேட்லாக் எந்த சாஃப்ட்வேர்ல இருக்கு? ஏதோ கம்பெனிக்கு வருஷா வருஷம் ஏ.எம்.சி.ன்னு பராமரிப்புக் காசு கட்டுறீங்கன்னா கோஹா போட்டுப் பாருங்க. நியூசிலாந்துல ஒரு சின்ன ஊர் லைப்ரரிக்காக எழுதி 2000-ல ஓடத் தொடங்கின சாஃப்ட்வேர், லைசன்ஸ் காசு கிடையாது. பழைய கம்ப்யூட்டர் ஒண்ணுல போட்டு 500 புக்கை மட்டும் ஏத்திப் பழகுங்க, கேட்லாக் விவரம் ஏத்துற மார்க் 21 முறையில 245 டைட்டில், 100 ஆத்தர்னு விரல் தானா போற அளவுக்கு. அடுத்த இன்டர்வியூல "என்ன தெரியும்"னு கேட்டா சர்டிஃபிகேட் நீட்டாம லேப்டாப்பைத் திறந்து காட்டலாம். காலேஜ்க்கு மிச்சம் பண்ணிக் குடுத்த ஏ.எம்.சி. தொகையை ஒரு லெட்டர்ல எழுதி பிரின்சிபால் கையெழுத்தோட ஒரு காப்பி வச்சுக்குங்க. அவங்க இன்க்ரிமென்ட் தர மாட்டாங்க, எனக்குத் தெரியும், அந்தக் காப்பி உங்க அடுத்த வேலைக்கு.

லைப்ரரியன் சங்கங்கள்ல மெம்பர் ஆகுறதால ஏதாவது பிரயோஜனம் உண்டா? ஐ.எல்.ஏ., ஐயாஸ்லிக், மாலான்னு ஏகப்பட்டது இருக்கு. எதுல சேரலாம்?
- உதவி நூலகர், தஞ்சாவூர்

முதல்ல ஒண்ணு தெளிவா வச்சுக்கங்க தம்பி. வக்கீலுக்கு பார் கவுன்சில் மாதிரி நமக்கு ஒண்ணும் கிடையாது, மெம்பர் ஆனாத்தான் வேலை பாக்கலாம்னு யாரும் சொல்லல, ஆகலேன்னா யாரும் நிறுத்தப் போறதும் இல்ல. அதனாலதான் பாதிப் பேர் சேர்றதே இல்ல, சேந்தவங்கள்லயும் பாதிப் பேர் பயோடேட்டாவுல ஒரு வரி ஏறுதுன்னு சேர்றாங்க.

மாலான்னா மெட்ராஸ் லைப்ரரி அசோசியேஷன், 1928. அதை ஆரம்பிச்சதுல முக்கியமான ஆள் ரங்கநாதன்தான். அந்தக் காலத்துல அவங்க சங்கம் வச்சது டீயும் பிஸ்கட்டும் சாப்பிட இல்ல, ஊர் ஊருக்கு லைப்ரரி வேணும், அதுக்கு சட்டம் வேணும்னு 20 வருஷம் விடாம கேட்டாங்க, 1948-ல மெட்ராஸ் பொது நூலகச் சட்டம் வந்துச்சு. உங்க வீட்டு வரியோட சேத்து நூலக வரி கட்டுறீங்கல்ல, அதுக்கு மூலம் அங்க இருக்கு. ஐ.எல்.ஏ.ன்னா இந்தியன் லைப்ரரி அசோசியேஷன், 1933-ல கல்கத்தாவுல ஆரம்பிச்சது, எல்லா வகை லைப்ரரிக்கும் பொது. ஐயாஸ்லிக் 1955, அதுவும் கல்கத்தாதான், ரிசர்ச் லேப், ஸ்பெஷல் லைப்ரரி ஆளுங்களுக்காக வந்தது. அமெரிக்காவுல காலேஜ், ரிசர்ச் லைப்ரரிகளுக்குன்னே ஏ.சி.ஆர்.எல்.னு 1940-ல இருந்து தனிப் பிரிவு இருக்கு, அவங்க எழுதி வைக்கிற ஸ்டாண்டர்டைக் காட்டி ஒரு லைப்ரரியன் டீன்கிட்ட வாதாட முடியும். நம்ம ஊர்ல அந்த மாதிரி ஒரு பேப்பரைத் தூக்கிட்டுப் போய் மேனேஜ்மென்ட் முன்னாடி நிக்கிற நிலைமை இன்னும் வரல, இது நம்ம சங்கங்கள் மேல எனக்கு இருக்கிற பழைய வருத்தம்.

அப்புறம் ஏன் சேரணும்? என் கதையைச் சொல்றேன். 2009-ல ஒரு காலேஜ்ல இருந்து வேற இடத்துக்கு மாறும்போது ஸ்டாக் வெரிஃபிகேஷன்ல 143 புக் காணோம். ஆபீஸ்ல நோ டியூ தர மாட்டேன்னுட்டாங்க, மொத்த விலையையும் கிராஜுட்டியில பிடிப்போம்னாங்க. ரெண்டு நாள் தூக்கம் இல்ல. காலேஜ்ல 120 ஸ்டாஃப் இருந்தாங்க, ஆனா நான் சொல்றது என்னன்னு புரிஞ்சுக்க ஒருத்தர் கிடையாது, ஏன்னா லைப்ரரியன் நான் ஒருத்தன்தான். அப்ப ஞாபகம் வந்தது, ஒரு சங்க மாநாட்டுல மதியச் சாப்பாட்டுல பக்கத்து இலையில உக்காந்து ரசம் சரியில்லன்னு ரெண்டு பேரும் திட்டிக்கிட்டோம், சென்ட்ரல் கவர்மென்ட் லைப்ரரி ஒண்ணுல வேலை பாத்தவர், டைரியில நம்பர் எழுதிக் குடுத்திருந்தார். ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் பண்ணேன். சிரிச்சார். மூணாவது நாள் ஸ்பீட் போஸ்ட்ல ஒரு ஜெராக்ஸ் வந்தது, மத்திய அரசோட ஜி.எஃப்.ஆர். நிதி விதிகள்ல ஒரு பக்கம். வருஷத்துல இஷ்யூ ஆகி, படிக்க எடுக்கப்பட்ட 1,000 புத்தகத்துக்கு 5 தொலையிறது நியாயமான இழப்புதான், லைப்ரரியனோட நாணயக்கேடோ அஜாக்கிரதையோ காரணமா இல்லாத வரைக்கும்னு அதுல இருந்துச்சு. எங்க லைப்ரரியில வருஷத்துக்கு 40,000 தடவை புக் கைமாறும், கணக்குப் போட்டா 200 வரைக்கும் போகலாம். மத்திய அரசு விதி தனியார் காலேஜைக் கட்டுப்படுத்தாதுதான், ஆனாலும் ஆடிட்டர் அந்தப் பேப்பரை ரெண்டு தடவை படிச்சுட்டு கையெழுத்துப் போட்டார்.

அந்த ஒரு போன் நம்பருக்காக நான் அதுவரைக்கும் கட்டின சந்தா, பஸ் செலவு எல்லாம் வசூல் ஆயிடுச்சு. அதனால எந்தச் சங்கம்னு என்னைக் கேட்டா, யாரோட மீட்டிங்குக்கு உங்களால நிஜமா போய் உக்கார முடியுமோ அது. தஞ்சாவூர்ல இருந்துக்கிட்டு டெல்லி சங்கத்துல லைஃப் மெம்பர் ஆகி கார்டை பீரோவுல வைக்கிறதுக்கு, சென்னையில நடக்குற அரை நாள் கூட்டத்துக்கு ராத்திரி ட்ரெயின் ஏறுறது மேல். அப்புறம் இந்த "இன்டர்நேஷனல் கான்ஃபரன்ஸ்"னு போஸ்டர் போட்டு, பேப்பர் அனுப்பின எல்லாருக்கும் ஐ.எஸ்.பி.என். போட்ட புக்குல இடம், வராதவங்களுக்கும் சர்டிஃபிகேட்னு காசு வாங்குறாங்களே, அந்தப் பக்கமே போகாதீங்க. அங்க குடுக்குற கான்ஃபரன்ஸ் பை ஒரு மழைக்குக் கூடத் தாங்காது.

ஆராய்ச்சி ஜர்னல்களுக்கு மத்திய அரசே சந்தா கட்டுற 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வந்துடுச்சு, ஏ.ஐ. வந்துடுச்சு. இனிமே லைப்ரரியன் எதுக்கு?
- பேராசிரியர், கோயம்புத்தூர்

ப்ரொஃபசர் சார், முதல்ல ஒரு கேள்வி, உங்க காலேஜ் அதுல இருக்கான்னு பாத்தீங்களா? மூணு வருஷத்துக்கு 6,000 கோடி, 30 பப்ளிஷர், சுமார் 13,000 ஜர்னல், 6,300-க்கும் மேல நிறுவனங்கள்னு 2025 ஜனவரியில தொடங்கினது பெரிய விஷயம்தான், ஆனா முதல் கட்டத்துல அரசு நடத்துற நிறுவனங்களுக்குத்தான் அது. தனியார் காலேஜ் பழைய மாதிரி சொந்தக் காசுதான். சரி, இருக்குன்னே வைங்க. ஜர்னல் வந்ததும் பசங்க வந்து மொய்ச்சுட்டாங்களா? அரசு காலேஜ் லைப்ரரியன் ஒருத்தர் போன மாசம் சொன்னார், பி.எச்டி. ஸ்காலர் ஒரு பையன் ஒரு பேப்பருக்கு 35 டாலர் கேக்குதுன்னு ஃப்ரெண்டுகிட்ட கெஞ்சிட்டு இருந்தானாம், அந்த ஜர்னல் அவன் கேம்பஸ்லயே ஃப்ரீயாத் திறக்குது. ஹாஸ்டல்ல இருந்து லாகின் பண்ண இவர்தான் ஐ.டி. போட்டுக் குடுத்திருக்கார்.

ஏ.ஐ. பத்தி ரொம்பப் பேச எனக்கு வயசு பத்தாது. ஒண்ணு மட்டும் பாக்குறேன், இல்லாத பேப்பருக்கு அழகா ஆத்தர், வருஷம், வால்யூம் எல்லாம் போட்டுக் குடுக்குது, அந்தப் பிரின்ட் அவுட்டைத் தூக்கிட்டு "சார், இந்த ஆர்ட்டிக்கிள் வேணும்"னு கவுண்டர்ல வந்து நிக்கிறாங்க. இல்லாததைத் தேடி இல்லைன்னு நிரூபிக்க, இருக்கிறதைத் தேடுற மாதிரி ரெண்டு பங்கு நேரம் ஆகுது. இதோட தீசிஸுல காப்பி அடிச்சிருக்கான்னு பாக்குற சிமிலாரிட்டி செக், 10 பர்சென்டுக்கு மேல போனா திருப்பி அனுப்புறது, கைடுகிட்ட திட்டு வாங்குறது, பாஸான தீசிஸை ஷோத்கங்காங்கிற தேசிய தீசிஸ் வெப்சைட்ல ஏத்துறது, எல்லாம் லைப்ரரியிலதான் சார். 12 பர்சென்ட் காட்டுதேன்னு கைடே வந்து "கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க"ன்னு நிப்பார். உங்களைச் சொல்லல.

எம்.ஏ. தமிழ் படிச்சிருக்கேன். ஓலைச்சுவடி, பழைய புத்தகம்னா உயிர். காலேஜ் லைப்ரரியில போய் டெக்ஸ்ட் புக் இஷ்யூ பண்ண எனக்கு மனசில்ல. ரிசர்ச் லைப்ரரி வேலை கிடைக்குமா?
- வாசகர், புதுக்கோட்டை

உங்களை மாதிரி ஆளுக்குத்தான் பஞ்சம். லைப்ரரி சயின்ஸ் படிச்சவனுக்கு சுவடி படிக்கத் தெரியல, சுவடி படிக்கத் தெரிஞ்சவருக்கு மெட்டாடேட்டான்னா என்னன்னு தெரியல. சுவடியில புள்ளி வைக்க மாட்டாங்க, எ-யும் ஏ-யும் ஒண்ணாத்தான் இருக்கும், ரகரத்துக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியாது, இதையெல்லாம் வரியோட போக்குல ஊகிக்கணும். எழுத்து மங்கிப் போச்சுன்னா லெமன்கிராஸ் எண்ணெயில விளக்குக்கரி குழைச்சுத் தடவித் துடைச்சா கீறின இடத்துல மட்டும் கறுப்பு நிக்கும், திடீர்னு ஒரு பாட்டு கண்ணு முன்னாடி எழுந்து வரும். முதல் தடவை பாத்தப்ப எனக்குக் கை நடுங்குச்சு.

சென்னையில அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், பெசன்ட் நகர்ல உ.வே.சா. நூலகம், தஞ்சாவூர் சரஸ்வதி மகால், பாண்டிச்சேரியில ஃப்ரெஞ்ச் இன்ஸ்டிட்யூட், இங்கெல்லாம் போய் முதல்ல வாசகரா உக்காருங்க. தரமணியில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கட்டாயம் பாருங்க. உங்க பக்கத்து ஊர்தான் அவருக்கு, காரைக்குடிகிட்ட கோட்டையூர், சைன்போர்டு எழுதுற ஆர்ட்டிஸ்ட், புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகைன்னு வாழ்நாள் முழுக்க சேத்தார். 1992-ல அவர் தவறினதும் சிகாகோ யுனிவர்சிட்டி அந்தச் சேகரிப்பை வாங்கி, கப்பல் ஏத்தாம சென்னையிலயே 1994-ல லைப்ரரியா வச்சது. பெரும்பாலும் இங்கெல்லாம் ப்ராஜெக்ட் வேலையாத்தான் கிடைக்கும், ஒரு வருஷம், ரெண்டு வருஷம், சம்பளம் பெருசா இருக்காது, நிரந்தரம்னு நம்பி கடன் வாங்கிடாதீங்க.

வெளிநாட்டு லைப்ரரிகளுக்கும் தமிழ் தெரிஞ்ச கேட்லாகர் வேணும். அமெரிக்காகிட்ட நாம பி.எல். 480-ல கோதுமை வாங்கி ரூபாயா காசு கட்டினோம்ல, அந்த ரூபாயில ஒரு பங்கை வச்சு 1962-ல இருந்து நம்ம புத்தகங்களை வாங்கி அவங்க யுனிவர்சிட்டிகளுக்கு அனுப்பினாங்க. அப்படிப் போன தமிழ்ப் புத்தகம் அங்க ரேக் ரேக்கா நிக்குது. ஆனா தேடிப் பாத்தா கிடைக்காது, ஏன்னா அவங்க எழுத்துபெயர்ப்புல சகரத்துக்கு இங்கிலீஷ் சி (C) எழுத்து, சாமிநாதையரை எஸ்-ல தேடிட்டு இல்லன்னு வந்துடுவாங்க நம்ம ஆளுங்க. இனிஷியலை சர்நேம்னு நினைச்சு ஏத்தி வச்ச கூத்தும் உண்டு, அது தனிக் கதை. இந்தக் குழப்பம் புரிஞ்ச ஆள் நீங்கதான். எம்.லிப். சேருங்க, கூடவே தரமணி உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்துல சுவடியியல் டிப்ளமோ பாருங்க.

எங்க அப்பா அரசு உதவி பெறும் காலேஜ்ல லைப்ரரியன், ஆறு மாசத்துல ரிட்டயர்மென்ட். 61 புத்தகம் காணோம்னு ராத்திரி முழுக்க ரெஜிஸ்டரை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். பென்ஷனை நிறுத்திடுவாங்களா?
- மகள், திருநெல்வேலி

மேல தஞ்சாவூர் தம்பிக்கு சொன்ன விதியை அப்பாகிட்ட படிச்சுக் காட்டும்மா, இப்ப அது 2017 ஜி.எஃப்.ஆர்.ல 215-வது விதி. 1,000 ரூபாய்க்கு மேல விலை உள்ள புத்தகமும், விலை எதுவா இருந்தாலும் அரிய புத்தகமும் தொலைஞ்சா மட்டும் விசாரணை கட்டாயம்னும் அதுல இருக்கு, அதனால 61-ஐ முதல்ல அப்படிப் பிரிக்கச் சொல்லு. உங்க காலேஜ்ல என்ன விதி நடைமுறைன்னு ஆபீஸ் சூப்பரின்டென்டன்ட்கிட்ட எழுத்துல கேட்டு வாங்கட்டும், வாயால சொல்றதை எடுத்துக்க வேண்டாம். 20,000 புத்தகத்துக்குள்ள இருந்தா வருஷா வருஷம் முழு வெரிஃபிகேஷன், 50,000 வரைக்கும் மூணு வருஷத்துக்கு ஒரு தடவையாவதுன்னும் அந்த விதியிலயே இருக்கு, அதை முன்னாடி மேனேஜ்மென்ட் நடத்த விட்டாங்களான்னு பழைய ஃபைல்ல பாக்கட்டும், ஆள் கேட்டு அப்பா எழுதின லெட்டர் ஏதாவது இருந்தா அது தங்கம்.

அதுக்கு முன்னாடி ரெஜிஸ்டரை மூடி வச்சுட்டு நாலு இடம் போய்ப் பாத்துட்டு வரச் சொல்லு. பைண்டிங்குக்குப் போய் வராத மூட்டை. எச்.ஓ.டி. ரூம் பீரோ. டிபார்ட்மென்ட் லைப்ரரின்னு ஒண்ணு இருக்கும், அதோட சாவி யார்கிட்டன்னு யாருக்கும் தெரியாது. அப்புறம் ரேக்குக்குப் பின்னாடி, ரெண்டு வரிசைக்கு நடுவுல விழுந்து கிடக்கும், டார்ச் அடிச்சுத்தான் பாக்கணும். என்னோட 143-ல 38 அங்கதான் இருந்துச்சு, எனக்கு அடுத்து வந்த லைப்ரரியன் வெள்ளையடிக்கும்போது கண்டுபிடிச்சுட்டுப் போன் பண்ணார்.